ஜும்ஆ நேரத்தில் பூச்சியம் மெமரி

பேயே இல்லை என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மனிதரிலேயே பாதிப் பேர் இருந்தும் இல்லாத மாதிரித்தான் திரிகிறார்கள். ஆனால் இது நடந்தது. 1998இல், கல்முனைக்குடியில், பட்டப்பகலில்.

ஊருக்கே அண்ணனான ஜெஸீம் காக்கா கொழும்பில் மூன்று மாதம் கோர்ஸ் படித்துவிட்டு வந்து, கடைக்கு முன்னால் 'கம்பியூட்டர் எஞ்சினியர்' என்று போர்ட் மாட்டியிருந்தார். அவருக்குத் தெரிந்த எஞ்சினியரிங், மெஷினுக்குத் துணி போர்த்துவது. மற்றதெல்லாம் லீவில் உதவிக்கு நின்ற என் தலையில்.

என் மூத்த சகோதரி கமீலா லாத்தாவின் ஆய்வுக் கட்டுரை அந்த மெஷினில்தான் இருந்தது. கொழும்பில் அச்சடிக்கிறவர்களிடம் நாங்கள் அடித்த தமிழ் எழுத்துரு இல்லை. அப்படியே அனுப்பினால் கோழி கிளறிய முற்றம் மாதிரி வரும். முப்பது பக்கத்தையும் படமாக மாற்றி, டிஸ்க்குகளில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை; ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கொழும்பு வேன் புறப்பட்டுவிடும்.

"இண்டைக்கிப் போகல்லெண்டா என்ட மூணு வருசப் படிப்பும் வீண்டா," என்றாள் லாத்தா. "ஒன்ட பகிடிய வெச்சிட்டு வேலயப் பாரு."

காக்கா முப்பது பக்கத்தையும் மெஷினுக்கு ஒரேயடியாகக் கொடுத்தார். மெஷின் விறைத்து நின்றது.

"மெமரி காணாது தம்பி."

"ஒவ்வொரு பக்கமாக் குடுங்க காக்கா. இவ்வளவுக்கு மேல மெமரி எடுக்காதயெண்டு ஒரு எல்லை போட்டா ஓடும்."

"நீ எனக்குப் படிப்பிக்க வாறியா? மறுகா பாப்பம். பாங்கு சொல்லப் போகுது. போய் வுளூ எடு."

தொழுகைக்குக் கை கால் கழுவப் போனேன். அவர் ஷட்டரை இழுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனதும், பின்கதவால் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

மெஷினைப் போட்டேன். மெமரி எல்லை: எட்டு எம்பி. முதல் பக்கம் படமானது. தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. தூரத்தில் பள்ளியின் குத்பாப் பிரசங்கம் மட்டும்.

இரண்டாம் பக்கத்தில் நின்றது. மெமரி போதாதாம். எல்லையை நாலாகக் குறைத்தேன். குறைத்தால் மெதுவாகத்தான் ஓட வேண்டும்.

வேகமாக ஓடியது.

இரண்டு என்றேன். இன்னும் வேகம். புத்தியுள்ளவன் அப்போதே எழுந்து போயிருப்பான். நான் கல்லூரி மாணவன்.

நக்கலுக்குப் பூச்சியம் கொடுத்தேன்.

ஏற்றுக்கொண்டது.

நான் விசையைத் தொடுமுன்னே பக்கம் முடிந்தது. அடுத்ததும்... அதற்கடுத்ததும்...

எனக்குப் பின்னால், வெறும் கதிரை.

கிறீச்...

திரும்பவில்லை.

பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். ஈரமாக.

முப்பதாம் பக்கம்.

கிறீச்... யாரோ எழும்புகிற மாதிரி.

திரும்பினேன். ஒருவருமில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

டிஸ்க்குகளை உருவிக்கொண்டு மெஷினை அணைத்தேன். ஷட்டர் திறந்தது. ஜெஸீம் காக்கா.

"ஜும்ஆக்கு எங்கடா ஒன்னக் காணல்ல?"

"வேல முடிஞ்சி காக்கா."

அவர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்து விரித்தார். விரல் நீளப் பச்சைத் தகடு.

"மெமரி இஞ்ச இரிக்கி. நீ ஜும்ஆவ உட்டுட்டு வேல செய்வாயெண்டு தெரிஞ்சிதான் கழட்டிக் கொண்டு போன. இது இல்லாம எப்பிடி முடிஞ்ச?"

மெஷினைப் போட்டுக் காட்டினார். திரை விழிக்கவே இல்லை.

பீப்... பீப்... பீப்...

வெளியே வேன் ஹோர்ன் அடித்தது. டிஸ்க்குகளைக் கொடுத்தனுப்பினேன்.

லாத்தாவின் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அச்சுப் பிரதியோடு கொழும்பிலிருந்து வந்தவள் என் முன்னால் அதைப் போட்டாள்.

"இதென்னடா? பக்கத்தக் கையால புடிச்சிக்கிட்டா படமெடுத்த?"

நான் எதையும் கெமராவால் எடுக்கவில்லை. ஆனால் முதல் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெருவிரல் இருந்தது. எல்லையைக் குறைத்த பக்கங்களில் விரல்கள் கூடின. பூச்சியம் கொடுத்ததிலிருந்து, முழுக் கை. ஆய்வைப் பரிசோதித்த பெரியவர்கள் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லையாம். படித்துப் பார்த்திருந்தால்தானே கேட்பதற்கு.

கடைசிப் பக்கத்தில் மட்டும் கை இல்லை.

கதிரை இரண்டாவது தடவை கிறீச்சிட்டது அந்தப் பக்கத்தில்தான்.