வழிமொழிந்தவர்

மலாக்கி கில்ரேன் அயர்லாந்தில் ஒரு கவுண்டி மாவட்டத்தின் விளையாட்டுச் சங்கக் கூட்டங்களில் வழிமொழிகிறவர். யாராவது ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து உட்கார்ந்ததும் அறையில் ஓர் அமைதி விழும். முன்மொழிந்தவரை நட்டாற்றில் விட்டதுபோல மலாக்கிக்குப் பதறும். கையைத் தூக்கிவிடுவார். கூட்டம் நகரும். இரங்கல் தீர்மானம், நன்றித் தீர்மானம், கழிப்பறைக்குப் புதுக் கூரை, எல்லாவற்றுக்கும் அவர் கைதான்.

பகலில் மாட்டுத் தீவன லாரி ஓட்டுவார். மற்ற நேரம் ஹர்லிங், மட்டையால் பந்தடிக்கிற ஆட்டம். அயர்லாந்துக்கே உரிய கேலிக் கால்பந்தையே ஆட்டம் என்று நினைக்கிற கவுண்டியில், மட்டை பிடிக்கிற சில பேரை அணியாகக் கட்டிவைத்திருந்தார். இரண்டு அணியிலும் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் பயிற்சி முடிந்ததும் கால்பந்துக்காரர்களுக்குச் சுடச்சுட இறைச்சியும் உருளைக்கிழங்கும் வரும். ஹர்லிங்காரர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச்சைக் காரில் உட்கார்ந்து தின்பார்கள். வெளியூர் ஆட்டத்துக்கு பஸ், உடைந்த மட்டைக்கு வேறு மட்டை; கவுண்டிச் சங்கம் கொடுத்தது அவ்வளவுதான். அதையும் நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அது போனால் அணியும் போய்விடும்.

இரண்டு ஆட்டத்துக்கும் நியாயமான பங்கு வேண்டும் என்று வருடாந்தரக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் அனுப்பியிருந்தார் மலாக்கி. பேச வேண்டியதை லாரியில் தனியாகச் சத்தம்போட்டுச் சொல்லிப் பார்த்திருந்தார்.

பொருளாளர் வரவுசெலவு அறிக்கையை வாசித்தபோதும் அதையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை. கார் நிறுத்துமிடம் பற்றி யாரோ நெடுநேரம் சண்டை போட்டார்கள். பிறகு ஒருவர் எழுந்து, "அறிக்கைய ஏத்துக்கலாம்னு முன்மொழியறேன்" என்றார்.

அமைதி. உள்ளே டீக்குத் தண்ணீர் கொதிக்கும் சத்தம். மலாக்கியின் கை மேலே இருந்தது.

அவர் தீர்மானத்தின் முறை வந்ததும் எழுந்தார். "தலைவரே, எங்க பசங்களுக்கு..."

"உட்காரு மலாக்கி" என்றார் தலைவர் டோமினிக் ஹார்ட். "பஸ், மட்டை எல்லாம் இனிமே ஹர்லிங் டீமே வசூல் பண்ணிக்கணும். அறிக்கையிலயே இருக்கு. ஏத்துக்கிட்டாச்சு. அதே கூட்டத்துல மறுபடி எடுக்க விதி இல்ல."

"எப்ப ஏத்துக்கிட்டீங்க?"

"நீதானேப்பா வழிமொழிஞ்சே!"

அறை சிரித்தது. கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு. அதனால் கோபப்படவும் முடியவில்லை. "நம்ம சங்கத்துலயே பெருந்தன்மையான ஆளு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "சீக்கிரம் முடிங்கப்பா, டீ ஆறுது" என்று இன்னொன்று. மலாக்கி உட்கார்ந்தார். லாரியில் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

சனிக்கிழமை காலை மைதானத்தில் தூறல். அணித்தலைவன் ஓரன் மெகீர்னன் ஓடி வந்தான்.

"என்ன ஆச்சு? பேசினீங்களா?"

மலாக்கி நடந்ததை அப்படியே சொன்னார். ஓரன் அவரையே பார்த்தான்.

"கேக்காமயா கையத் தூக்கினீங்க?"

"எல்லாரும் சும்மா இருந்தாங்க."

"சும்மா இருந்தா இருந்துட்டுப் போறாங்க! உங்களுக்கென்ன?"

ஓரனே தணிந்தான். "சரி விடுங்க. நீங்க தூக்கலைன்னா வேற எவனாவது தூக்கியிருப்பான். எங்க அம்மா கார் இருக்கு. அதுல அஞ்சு பேர் போகலாம்."

"மிச்சப் பேரு?"

ஓரன் மட்டையை எடுத்துக்கொண்டு மற்றவர்களிடம் போனான்.

கோல்கீப்பர் கஹல் மட்டும் உடை மாற்றியிருக்கவில்லை. கால்பந்து அணியில் அவனுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டிலும் ஆட விடமாட்டார்கள்.

"நீங்க இருக்கச் சொன்னா இருக்கேன் மலாக்கி" என்றான் மெதுவாக.

இருடா என்று சொல்ல வாய் எடுத்தார். எதைக் காட்டி இருக்கச் சொல்வது?

"அங்க சாப்பாடு நல்லாயிருக்கும்" என்றார்.

கஹல் தன் மட்டைகளைத் தன் கார் டிக்கியில் போட்டான். மூடி இறங்கவில்லை, ஒரு மட்டையின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மலாக்கி அதைத் திருப்பி உள்ளே தள்ளி, இரண்டு கையாலும் மூடியை அழுத்திக் கொடுத்தார்.