ஹோர்ன் அடித்தால் போதுமா?

மீன் சந்தையில் நின்றபோது கைபேசி அடித்தது. எங்கள் பாடசாலைக் கந்தோரில் வேலை செய்யும் சூசை. "சேர், பஸ் ஸ்ராண்டடியில யூஜினா ரீச்சரை வான் அடிச்சுப்போட்டுது. ஆள் முடிஞ்சுது" என்றார். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். "டிரைவர் ஹோர்ன் அடிச்சவராம் சேர். ரீச்சர்தான் கவனிக்கேல்லையாம்." அந்தக் கடைசி வார்த்தைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யூஜினா ரீச்சரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்த உங்களுக்காக எழுதுகிறேன். செத்தவீட்டில் நீங்களும் அதையேதான் சொன்னீர்கள்.

உயிரியல் படிப்பித்த அவருக்குக் 'கழுதை ரீச்சர்' என்று பட்டம் வைத்ததும் உங்களில் சிலர்தான். பஸ் ஸ்ராண்ட் தேநீர்க்கடையில் ஒருநாள் நானும் கூட இருந்தேன். தெருவோரம் படுத்திருந்த கழுதைக்குப் பக்கத்தில் ரீச்சர் போய், கோப்பையைக் கரண்டியால் தட்டினார். முதலில் காது திரும்பியது. தட்டத் தட்ட அது அசையவே இல்லை. பிறகு கடைத் தகரத்தை மெதுவாக ஒரு தட்டு. சத்தம் முன்னதைவிடச் சின்னது, ஆனால் இரண்டு காதும் விறைத்து நின்றன. "கழுதைக்கு நல்லாக் காது கேக்குது சேர். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதைத் தள்ளி வைச்சிடும். நினையாதது வந்தால்தான் முழிக்கும். எங்கட மூளையும் அப்பிடித்தான்" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

அதே இடத்தில் பிறகொருநாள் ஒரு வான் கழுதைக்குட்டியை அடித்துப் போட்டது. சாரதி இறங்கி, "நான் ஹோர்ன் அடிச்சனான்தானே! இதுக்குக் காது கேக்காட்டி நான் என்ன செய்ய?" என்று கத்தினான். ரீச்சர் குட்டியின் பக்கத்தில் குந்தியிருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, விடியத் தொடங்கினதில இருந்து எல்லாரும் அடிக்கிற ஹோர்னைத்தான் நீரும் அடிச்சனீர். அதை அது எப்பவோ கேக்கிறதை விட்டிட்டுது. உமக்குப் பிரேக் இல்லையோ?" குட்டி அங்கேயே செத்தது.

இப்போது மலர்வளையம் வைத்தீர்கள், ஒலிவாங்கியில் புகழ்ந்தீர்கள். இறங்கி வந்ததும், "பாத்துப் போயிருக்கலாம். படிச்ச மனிசிதானே" என்றீர்கள். வெட்கமாக இல்லையா? ஹோர்ன் ஓயாத அந்தத் தெருவில் அவர் எத்தனை வருடம் நடந்தார்! அதைக் கேட்டுக் கேட்டு ஒதுக்கிய மூளை அவருடையது மட்டுமா? அடித்தவனுக்கு ஒரு பழியும் இல்லை, செத்தவர் தலையில் எல்லாப் பழியும்.

காலையில் அவர் கதிரையை இழுக்கும் கிறீச்சிடும் சத்தம் இப்போது இல்லை. அந்த நேரம் வந்தால் அறையில் எல்லோருடைய தலையும் தானாக நிமிர்கிறது. வழக்கமான சத்தம் வராவிட்டாலும் மூளை திடுக்கிடும் என்று முன்பொருநாள் அவர் சொன்னது இதைத்தான். நேற்று உப அதிபர் என் தோளைத் தட்டி, "போகப் போகப் பழகிடும் சேர்" என்றார். பழகிவிடும், அது எனக்கும் தெரியும். அதுதான் எனக்குப் பயம்.

அப்படிப் பழகிப்போவதற்குள் அந்த வான் சாரதியின் வழக்கு வரட்டும். நீதிமன்ற வாசலில் நிற்பேன். "ஹோர்ன் அடிச்சனான்" என்று யார் சொன்னாலும், அவர் எனக்கு விட்டுப்போன கேள்வியை முகத்துக்கு நேரே கேட்பேன்:

"உமக்குப் பிரேக் இல்லையோ?"