வெக்கேஷன் என்று என் காதில் விழுந்த சொல்

அன்றைக்கு அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். முதியோர் இல்லத்தை நடத்தும் மேடம், சம்பளம் போடும் பெண், என்னோடு வேலை செய்யும் மாலி நாட்டுக்காரர் மூசா, நான். மேடமே எழுந்து வந்து எனக்குக் காப்பி ஊற்றினார். கணவருக்குப் பாண்டிச்சேரி வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து, பாரீஸ் வந்து மூன்று வருடமாகிறது. இது மட்டும் பழகவில்லை. முதலாளி கையால் காப்பி கொடுத்தால் வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் கேட்கப் போனது ஒன்றே ஒன்று. நாலு ஞாயிற்றுக்கிழமை, நேரம் முடிந்த பிறகும் இரண்டிரண்டு மணி நேரம் இருந்து கிழவிகளைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்தேன். மூசாவும் செய்தார். அவருக்குக் காசு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிரெஞ்சில் நாலு வரியை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்தேன்.

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார். கடைசிச் சொல் மட்டும் பிடிபட்டது: "வொகாசியோன்." வெக்கேஷன்! காசுக்குப் பதில் லீவு தருகிறார்கள் என்று நினைத்து, "மெர்சி மேடம், மெர்சி" என்று நன்றி சொன்னேன். சம்பளம் போடும் பெண் ஃபைலை மூடிவிட்டாள்.

வெளியே வந்ததும் மூசா தலையில் கை வைத்துக்கொண்டு, எனக்குப் புரிகிற பிரெஞ்சில் மெதுவாக விளக்கினார். அது லீவு இல்லையாம். காசுக்காக இல்லாமல் மனசுக்காகச் செய்கிற வேலையாம். உங்கள் நாட்டுப் பெண்களுக்கு அது பிறவியிலேயே உண்டு என்றாராம் மேடம்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். சிதம்பரத்தில் அதற்குச் சேவை என்று பெயர். காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ் ஏறி, அங்கே ஒரு நர்சிங் ஹோமில் பதினோரு மாதம் ஆயா வேலைக்குப் போனேன். செல்வம் வார்டு பாய். நோயாளியைத் தூக்கும்போது நான் தலைப்பக்கம், அவன் கால்பக்கம். கால்பக்கத்துக்கு மாதம் இரண்டாயிரம் ஜாஸ்தி. மேனேஜரிடம் கேட்டேன்.

"அவன் ஆம்பள, குடும்பம் இருக்கு. ஒனக்கு என்னாம்மா, இது சேவை."

"எம் புள்ளைங்க மட்டும் மரத்துலயா காய்ச்சிச்சு சார்?"

"வாய் ஜாஸ்தியானா வேல நிக்காது."

வெளியே செல்வம் சிரித்தான். "பயப்படாதக்கா, மேல போனதும் மொத்தமா செட்டில் பண்ணிடுவாங்க."

கடலூரில் என் சொந்தக்காரர்கள், எங்க வீட்டுப் பொண்ணு பிரான்சில் இருக்கிறாள் என்று பீற்றிக்கொள்கிறார்களாம். அவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஏமாற்றுகிற சொல் மட்டும் விமானம் ஏறி எனக்கு முன்பே வந்துவிட்டது.

மறுநாள் தனியாகப் போனேன். உட்காரவில்லை. "நேற்றுச் சொன்ன மெர்சி தப்பு மேடம். எனக்குக் காசு வேண்டும்." அன்று காப்பி வரவில்லை. "ஒன் வெர்ரா" என்றார். பார்க்கலாம் என்று பொருள். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். இங்கே என்ன அர்த்தமோ, மூன்று நாளாகத் தூக்கமில்லை. எனக்கு வர வேண்டிய பாக்கியை ஒரே தாளில் முன்னும் பின்னுமாக எழுதி வைத்திருக்கிறேன். முன்பக்கம் சிதம்பரம், பதினோரு மாதத்துக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாய். பின்பக்கம் பாரீஸ், எட்டு மணி நேரத்துக்குத் தொண்ணூற்றாறு யூரோ.