சீனியாரிட்டியில் ஒன்பதாம் இடம்

மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் உட்கார்ந்தபடி, ஊரார் கடைகளைத் தேடுபொறியின் உச்சிக்கு ஏற்றிவிடுவது நித்யாவின் பிழைப்பு. ஒழுங்காக நிலைத்த வாடிக்கையாளர் ஒருவர்தான்: சிங்காரவேல். நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்று, இணையத்தில் முந்திரிப்பருப்பு விற்பவர். அவரும் போய்விட்டால் கடலூரில் யாருடைய ஆபீசுக்காவது தினமும் பஸ் ஏற வேண்டியதுதான்.

சிங்காரவேல் அறிந்த உலகத்தில் சீனியாரிட்டியில் ஏறியவரை இறக்க முடியாது. இறக்கினால் மெமோ வரவேண்டும். ‘பண்ருட்டி முந்திரி’ என்ற சொல்லுக்குக் கடை ஏழாம் இடத்தில் நின்ற காலமெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: “ஆறாவது ஆளு எப்பம்மா ரிட்டயர்டு ஆவாரு?”

நித்யா அனுப்பிய இந்த மாத ரிப்போர்ட்டோடு அவரே நேரில் வந்துவிட்டார்.

“நம்ம கடையப் பாத்த பார்வை எண்ணிக்கை பாதியா கொறஞ்சிருக்கு. நீ என்னா பண்ணிகினு இருந்த?”

“சார், எந்தக் கடை எத்தனாவதுன்னு ரேங்க் பாக்குற மெஷினுங்க முன்னாடி ஒரே தடவையில நூறு கடைய கேட்டு வாங்கும். மத்த சொல்லுக்கெல்லாம் கடைசியில கெடக்குற நம்ம பேரும் அதுல வரும். அதையும் ஒரு பார்வைன்னு எழுதிப்பாங்க. இப்ப தேடுபொறிக்காரங்க ஒரு தடவைக்கு பத்துதான்னு மாத்திட்டாங்க. கொறஞ்சது ஆளுங்க இல்ல, மெஷினுங்க.”

“அப்ப இத்தினி வருசமா மெஷினுக்கா முந்திரி காட்டிகினு இருந்தோம்?”

ஆமாம் என்பதுதான் பதில். நித்யா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

“யாரக் கேட்டு மாத்துனாங்க? சர்க்குலர் எங்க? யூனியன்ல பேசுனியா?”

“அங்க நமக்கு யூனியன் கெடையாது சார்.”

“அதான் ஆடுறானுங்க. இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்மா.” தாளை மடிக்கப் போனவர் கடைசி வரியில் நின்றார். “எல்லாச் சொல்லுக்கும் சேத்து சராசரி இடம், போன மாசம் முப்பத்தெட்டு, இந்த மாசம் ஒம்போது. இது என்னா?”

பேசாமல் இருந்திருந்தால் பிழைப்பு தப்பியிருக்கும். ஆனால் காலையிலிருந்து பொய்க் கணக்குகளோடு மாரடித்தவளுக்கு இன்னொன்றைத் தாங்கும் தெம்பில்லை.

“அதுவும் நெசமில்ல சார். நாம பின்னாடி கெடந்த சொல்லெல்லாம் கணக்குலருந்து உழுந்துடுச்சி. அதனால சராசரி ஏறிகிச்சி. நாம இருந்த எடத்துலதான் இருக்கோம்.”

சிங்காரவேல் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“பின்னாடி இருக்கறவன எடுத்துட்டு எண்ணியிருக்கான். அதானே?”

“ஆமா சார்.”

“நான் ஃபோர்மேன் ஆனதே அப்புடித்தாம்மா, செல பேர லிஸ்ட்டுலருந்து எடுத்துட்டு எண்ணுனதுல. அதுக்காக வேணாம்னா சொன்னேன்?”

ரிப்போர்ட் பத்திரமாகச் சட்டைப்பைக்குள் போனது. அடுத்த மாதமும் அவளே பார்க்கட்டும் என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் நினைவு வந்ததுபோல் திரும்பினார்.

“எட்டாவது ஆளு யாருன்னு பாத்து வையி. அவுரு ரிட்டயர்டு எப்பன்னும் கேட்டுக்க.”