அத்தை சைக்கோவுக்குப் படிக்குது

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருஷம் படித்தபோது அவளுடைய சோதனைகளுக்கு வீட்டில் கிடைத்த ஒரே ஆள் நான்தான். எனக்கு எட்டு வயசு. வாய் ஓயாது. ஒருநாள் மூடிய டிபன் டப்பாவை என் எதிரில் வைத்து, "தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் திறந்துவிட்டேன். உள்ளே ஒன்றுமில்லை. சே! அத்தை திட்டவில்லை. ரெக்கார்டு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள்.

பரீட்சை முடிந்ததும் எம்.எஸ்சி. சேர வேண்டும் என்றாள். அப்பா அப்போதுதான் கரும்புக் கொல்லையிலிருந்து வந்திருந்தார்.

"அதப் படிச்சா இன்னா வேலை கெடைக்கும்?"

"ஸ்கூல்ல, ஆஸ்பத்திரில, கம்பெனில கூட கவுன்சிலர் எடுக்குறாங்கண்ணா."

"கவுன்சிலரா? அதுக்கு எலெக்‌ஷன்ல இல்ல நிக்கணும்?"

"அய்யோ, அது இல்லண்ணா. மனசு சரியில்லாதவங்ககிட்ட உக்காந்து பேசுற வேலை."

"பேசுறதுக்குச் சம்பளமா? அப்ப மொத வேலை நம்ம பாப்பாவுக்குத்தான்."

கடைசியில் அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சோரியாங்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். கூடிவந்தால் கல்யாணம், இல்லையென்றால் படிப்பு. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் திங்கட்கிழமை. அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டே, "வர்றவங்ககிட்ட நான் சைக்கோவுக்குப் படிக்கிறேன்னு மட்டும் சொல்லிடாதடி" என்றாள். சைக்காலஜியை நான் அப்படித்தான் சொல்வேன். பூ வைக்கும்போது மறுபடி சொன்னாள். பவுடர் போடும்போது இன்னொரு தடவை சொன்னாள்.

மாப்பிள்ளையின் அம்மா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக் கேசரி ஊட்டினார். "உங்க அத்தை இன்னா படிச்சிருக்குது பாப்பா?"

சத்தியமாக அடக்கித்தான் பார்த்தேன். "சொல்லக்கூடாதுன்னு அத்தை சொல்லிச்சி" என்றேன். அந்த அம்மாள் விடுவதாக இல்லை.

"சைக்கோவுக்கு. வூட்ல என்னை வெச்சித்தான் டெஸ்ட் பண்ணும்."

கேசரி ஸ்பூன் பாதி வழியில் தட்டுக்கே திரும்பிவிட்டது. சாயங்காலம் தரகர் போன் பண்ணினார். பெண்ணுக்குத் தலையில் ஏதோ கோளாறாமே என்று அவர்கள் கேட்கிறார்களாம். அப்பா போனை வைத்துவிட்டு, "வாயா அது? உன்னாலதான்டி போச்சி!" என்று என்மேல் பாய்ந்தார்.

அத்தையின் வாழ்க்கையே என்னால் பாழாகிவிட்டது என்று தேம்பித் தேம்பி அழுதேன். அத்தைதான் என்னைத் தூக்கிக்கொண்டு போய் முகம் கழுவிவிட்டாள். கடையில் இரண்டு கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். தப்பு செய்தவளுக்கு ஐஸ் எதற்கு என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு ஏது?

மறுநாள், சொன்ன சொல்லுக்காக, அப்பா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பைக்கை எடுத்தார். பின்னால் அத்தை ஏறிக்கொண்டாள். அன்றைக்குக் கட்டிய ஃபீஸில் படித்துத்தான் அவள் இன்று ஒரு பள்ளியில் கவுன்சிலர், எலெக்‌ஷனில் நிற்காமலே.

வண்டி தெருமுனை திரும்பியதும், வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அம்மாவும் என்னால்தான் அழுகிறாள் என்று நினைத்து அவள் காலைக் கட்டிக்கொண்டேன்.

"இனிமே யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேம்மா."

அம்மாவின் தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது.