வாசலில் நின்ற ரெஷ்மாவின் முகம்

மலையாள நாட்டில் கரமனை என்கிற ஊர்க்காரி கிருஷ்ணவேணி, தனியார் கல்லூரியில் காமர்ஸ் டீச்சர். பாதியில் படிப்பை விடுகிற பிள்ளைகளை அவள் திருப்பிக் கொண்டுவரும் விதமே தனி. இரண்டு நாள் வராவிட்டால் போன் செய்வாள். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்கவே மாட்டாள். "நாளைக்கு வந்துரு, கேட்டியா" என்பதோடு சரி. ஏன் என்ற அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பிள்ளைகள் வராமலே போகிறார்கள் என்பது அவள் கண்ட உண்மை.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து ரெஷ்மா அப்படித் திரும்பி வந்தவள். அப்பா படுத்த படுக்கையானதும் படிப்பை விட்டுவிட்டு, சாலை என்கிற கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சங்கதியை அவளாகவே ஒருநாள் டீச்சரிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

பிள்ளைகளை விடாமல் பிடித்து வைக்கும் கல்லூரிக்கு விருது என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பத்துக்கு ஒரு உதாரணம் வேண்டுமென்று பிரின்சிபல் ஹரிகுமார் உயிரை எடுத்தார். யாரோ நாலு பேர் படித்துவிட்டு மூடிவைக்கப் போகிற பைல்தானே என்று கிருஷ்ணவேணி ரெஷ்மாவின் கதையை எழுதி, படத்தையும் கொடுத்தாள். புத்தி எங்கே போயிற்றோ!

விருது கிடைத்தது. நம் ஊரில் எதற்குத்தான் பிளெக்ஸ் வைக்கமாட்டார்கள்? விழா நாளன்று கல்லூரி வாசலில் ஆளுயரத்துக்கு ரெஷ்மாவின் முகம். கீழே கொட்டை எழுத்தில் மலையாளம்: ஜவுளிக்கடையிலிருந்து மீட்டெடுத்த மாணவி.

ரெஷ்மா அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டாள் என்று வாட்ச்மேன் சொன்னதும் கிருஷ்ணவேணி செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். அவள் ஊர்ப்பக்கம் போகும் விதுரா பஸ்ஸின் ஜன்னலோரம் ரெஷ்மா உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கி வா மோளே. போர்டை இப்பமே கழட்டச் சொல்லுதேன். நான்தான் தப்பு செஞ்சேன்."

ரெஷ்மா அழவில்லை. "ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன் மிஸ்."

கண்டக்டர் மணியடித்தார். கிருஷ்ணவேணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே ஓடினாள். பிறகு கை நழுவிவிட்டது.

அவள் வெறுங்காலோடு திரும்பியபோது, ஒரு பிள்ளையைக்கூடக் கைவிடாத கல்லூரி என்று மைக்கில் யாரோ முழங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஜூஸ் கடையில் கத்தி வாங்கி, பிளெக்ஸின் கயிறுகளை அவளே அறுத்தாள். பிரின்சிபல் கத்தியது காதில் ஏறவில்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் ரெஷ்மாவின் இடம் காலியாக இருந்தது. கிருஷ்ணவேணி வழக்கம்போல் போன் செய்தாள். சுவிட்ச் ஆப். ஏன் வரவில்லை என்று அவள் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. இந்த ஒருத்தியிடம் கேட்கவே வேண்டியதில்லை.