குளிக்கிற தொட்டியில் ராஜா

"தொட்டி எவ்ளோவோ, மீனும் அவ்ளோதான் சார் வளரும்," என்றார் சிதம்பரத்து வண்ணமீன் கடைக்காரர். என் மகள் கேட்ட விரல் நீள மீனைப் பிடிக்க வலையைத் தொட்டியில் விட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, இதே பேச்சை நம்பித்தான் கடலூரில் அப்பா ஒரு குட்டிச் சுறா வாங்கி வந்தார். கிள்ளையில் மீனவர் வீட்டில் பிறந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"சுறாவாம் சுறா! மீசையப் பாருங்க, இது கெளுத்திங்க."

நாங்கள் அதற்கு ராஜா என்று பெயர் வைத்தோம். அது வளர்ந்ததே எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால், சந்துக்குள் மாட்டிய பஸ் மாதிரி, திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. தொட்டிக் கண்ணாடியில் உரசி மூக்கெல்லாம் புண்.

"ஆத்துல விட்டுடலாமா?" என்றார் அப்பா.

"அங்க இருக்குற குஞ்சயெல்லாம் இது தின்னுட்டா, எங்க அண்ணன் எதப் புடிப்பாரு?"

"அப்ப கொழம்பு?"

அம்மா முறைத்தாள். "பேரு வெச்சுக் கூப்புட்ட மீன எப்படிங்க அறுக்குறது?"

மறுநாள் ராஜா, நாங்கள் குளிக்கும் சிமெண்ட் தொட்டிக்குக் குடிபோனது. அங்கே அது முழுசாக ஒரு வட்டமடித்ததும் அம்மா கைதட்டினாள். அன்றுமுதல் அப்பாவும் நாங்களும் துண்டும் சோப்புமாகத் தெரு அடிபம்பில் வரிசை கட்டினோம்.

"வாங்கலாமாப்பா?" மகள் என் சட்டையை இழுத்தாள்.

"வாங்கலாம்மா. இது வளந்தப்புறம் நாம எங்க போயி குளிக்கிறதுன்னு மொதல்ல சொல்லு."